நீலச் சுவிச்சும் ஒரு நினைவு மலரும்

இறந்தவர்களைப் பற்றி நல்லதாக அடித்துக் கொடுப்பது என் தொழில். சொல்லிக்கொள்ள ஒரு மாதிரியாகத்தான் இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. எங்கள் பக்கத்தில் ஒருவர் காலமானால், முப்பத்தோராம் நாள் சடங்குக்கு ஒரு நினைவு மலர் அச்சிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். தேவாரம் கொஞ்சம், படங்கள் நிறைய, நடுவிலே வாழ்க்கை வரலாறு. வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல அந்த வரலாற்றைக் கணினியில் அடித்து, பக்கம் அமைத்து, அச்சகத்துக்கு அனுப்புகிறவன் நான். உரும்பிராயில் என் வீட்டு முன்னறைதான் காரியாலயம். தட்டச்சை எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை, நானாகத் தட்டித் தட்டிப் பழகினேன். நான் அடித்த மலர்களை வைத்துப் பார்த்தால், இந்தக் குடாநாட்டில் கோபக்காரர் ஒருவர்கூட இதுவரை இறந்ததில்லை. எல்லாரும் இன்முகத்தோடு பிறந்து, இன்முகத்தோடு புகையிலை நட்டு, இன்முகத்தோடே போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

இந்தத் தொழிலில் எனக்கிருந்த ஒரே குறை சத்தம். கீபோட் சத்தம் போடாவிட்டால் மரியாதை இல்லை. தகப்பனைப் பற்றிக் கண்கலங்கச் சொல்லிக்கொண்டிருப்பவர் பாதியிலே நிறுத்தி, "தம்பி, அடிக்கிறீரோ, இல்லாட்டி சும்மா பாத்துக்கொண்டிருக்கிறீரோ?" என்று கேட்பார். அடித்துக்கொண்டுதான் இருப்பேன். ஆனால் விசைகள் பஞ்சிலே விரல் வைத்த மாதிரி அமுங்கிப் போகும். உழைக்கிறவன் உழைக்கிற சத்தம் கேட்கவேண்டும் என்று எங்கள் ஆட்கள் எதிர்பார்ப்பார்கள். மண்வெட்டி விழுந்தால்தான் கொத்து, அம்மி உருண்டால்தான் சமையல்.

லண்டனில் இருக்கும் மைத்துனன் ஒருவன் இந்தக் கீபோட் விஷயத்தில் பைத்தியம் பிடித்தவன். விசைக்கு விசை தனித்தனிச் சுவிச் உள்ள கீபோட்டைத் துண்டு துண்டாக வாங்கி, பூட்டி, பிறகு கழற்றி, வேறு சுவிச் போட்டுப் பார்ப்பது அவனுடைய பொழுதுபோக்கு. அந்தப் பைத்தியத்தை எனக்கும் தொற்றவைத்துவிட்டான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது சின்னப் பெட்டி ஒன்றைக் கையில் தந்தான். உள்ளே நீலத் தண்டு வைத்த சுவிச்சுகள்.

"மச்சான், இதைப் பூட்டிப் பாருங்கோ. ஊருக்கே கேக்கும்," என்றான்.

பழைய சுவிச்சுகளைச் சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். புதியவற்றின் அடியிலே இறால் மீசை போல இரண்டு கம்பிகள். கொஞ்சம் சரிந்தாலும் வளைந்துவிடும். வளைந்ததை மனைவியின் தையல் ஊசியால் நிமிர்த்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு பூட்டி முடித்து, முதலாவது விசையை அமுக்கினேன். டிக் என்றது. விரலை எடுக்க இன்னொரு டிக். போகும்போதும் சொல்லிக்கொண்டு போகிறது, வரும்போதும் சொல்லிக்கொண்டு வருகிறது. நல்ல வளர்ப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

இதிலே தமிழுக்கு ஒரு விசேஷம் உண்டு. நான் அடிக்கிற பாமினி முறையில் 'கொ' என்று ஓரெழுத்து அடிக்க, கொம்பு ஒன்று, எழுத்து ஒன்று, அரவு என்கிற துணைக்கால் ஒன்று என்று மூன்று விசைகளைத் தட்டவேண்டும். இங்கிலீசுக்காரன் நாலு எழுத்து அடித்துவிட்டு ஓய்ந்திருக்கிற நேரத்தில் நமக்கு ஒரு கச்சேரியே நடந்து முடிந்துவிடும்.

மனைவி குசினியில் சமையலை விட்டுவிட்டு வந்து வாசலில் நின்று பார்த்தாள்.

"இஞ்சாருங்கோ, உது கீபோட்டோ, பல்லி அடைச்ச பெட்டியோ?"

"சுவிச் மாத்தினனான். சத்தம் எப்பிடி?"

"எழுத்துக்கு எழுத்து பல்லி சொல்லுது. நல்ல சகுனமோ கெட்ட சகுனமோ எண்டு நான் எந்தத் திக்கைப் பாக்கிறது?"

பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலால் தலையை நீட்டி, "தம்பி, கச்சான் உடைக்கிறியளோ? மணக்கேல்லையே," என்று வறுத்த நிலக்கடலையை நினைத்துக் கேட்டார். குருநகரிலிருந்து மீனோடு வந்த கூட்டாளி ஒருவன், வள்ளக்காரன், கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "நண்டு தகர வாளிக்கை ஓடுற மாதிரிக் கிடக்கு மச்சான். மூடி வை, வெளியிலை வந்திடும்," என்றான். சனம் சொல்லுகிற சொல்லுக்காகவே இன்னும் பத்துப் பேருக்கு அடித்துக் காட்டலாம் என்றிருந்தது எனக்கு. வாடிக்கையாளரோ மகிழ்ந்துபோனார்கள். தகப்பன்மார் சத்தத்தோடு புகழப்பட்டார்கள். ஒருவர், "எங்கடை அப்பாவுக்கு நல்லா விழுந்துது," என்று கைகூப்பிவிட்டே போனார்.

அப்படியிருக்கும்போதுதான் அளவெட்டியிலிருந்து அந்த அழைப்பு வந்தது. பேசியது, அங்கே காலமான பெரியவர் ஒருவரின் மகள்.

"அண்ணை, செத்தவீட்டுத் துடக்கு, நாங்கள் வெளிக்கிட ஏலாது. நீங்கள்தான் வரவேணும். கனடாவிலையிருந்து எங்கடை அண்ணை வந்து நிக்கிறார், அவர்தான் எல்லாம் சொல்லுவார்."

"வாறன் தங்கச்சி."

அவள் தொலைபேசியை வைக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மற்றதெல்லாம் அவர் சொல்லுறபடி எழுதுங்கோ. எனக்கு ஒரு வரிதான் வேணும். அப்பா படுக்கையிலை கிடந்த காலமெல்லாம் இவர்தான், என்ரை மனிசன்தான், தூக்கிப் பாத்தவர். அது அதிலை வரவேணும். அண்ணை இவரோடை இண்டு வரைக்கும் ஒரு சொல்லுக் கதைச்சதில்லை. இவர் ஒண்டும் கேக்கமாட்டார், நான்தான் கேக்கிறன்."

எனக்கு விளங்கிற்று. தமையனுக்குப் பிடிக்காத கல்யாணம். ஏன் பிடிக்கவில்லை என்று எங்கள் ஊர்களில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை, கேட்காமலே எல்லாருக்கும் தெரியும்.

மடிக்கணினியைப் பையில் வைத்தேன். கீபோட்டைத் துவாயில் சுற்றினேன். மனைவி படலையடியில் மறித்துக்கொண்டாள்.

"துடக்கு வீட்டுக்குப் போறியள். வந்து முழுகிப்போட்டுத்தான் உள்ளை வரலாம். உந்தக் கீபோட்டை என்ன செய்யப்போறியள்? அதையும் முழுக வாப்பியளோ?"

நான் மோட்டார் சைக்கிளை உதைத்தேன்.

அளவெட்டி நாதசுரமும் தவிலும் கேட்டே வளர்ந்த ஊர். அங்கே சத்தம் போடுவதானால் கவனமாகப் போடவேண்டும் என்று அன்றைக்குப் போகும்போது எனக்குத் தோன்றவில்லை. வீட்டு வாசலில் மெலிந்த மனிதர் ஒருவர் ஓடிவந்து மோட்டார் சைக்கிளைப் பிடித்து நிழலில் விட்டார், பையை வாங்கினார், மேசையைத் துடைத்தார், கதிரை போட்டார். பிறகு மறுபடி முற்றத்துக்குப் போய்ப் பந்தலுக்குக் கம்பு நடத் தொடங்கினார். அவர்தான் மருமகன் என்று கேட்காமலே தெரிந்துகொண்டேன்.

கூடத்தில் பெரியவரின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. நான் யன்னலோரம் மேசையில் இருக்க, கனடாக்காரர் எனக்கு எதிரே, திரையின் முதுகைப் பார்த்தபடி இருந்தார். பக்கத்திலே சாய்மனைக் கதிரையில் அவருடைய சித்தப்பா, காலமானவரின் தம்பி, கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தார். திருவிழாவுக்குத் திருவிழா தவிலுக்கு முன்னால் போய்க் குந்தியிருந்து கேட்டு வயது போனவர். தங்கச்சி குசினியில் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தாள். கூடத்துக்கும் குசினிக்கும் நடுவிலே ஒரு திரைச்சீலைதான்.

"எழுதும்," என்று தொடங்கினார் கனடாக்காரர். "அமரர் அவர்கள், கனடாவில் புகழ்பூத்த கணக்காளராக விளங்கும் மூத்த மைந்தனை இவ்வுலகுக்கு ஈந்தவர்."

"அவர் பிறந்ததிலையிருந்து தொடங்குவமோ?"

"அது பிறகு வரும்தானே."

அடித்தேன். நீலச் சுவிச்சுகள் பொரிந்து தள்ளின. கனடாக்காரரின் முகம் மலர்ந்தது. தான் சொல்லுவது ஒவ்வொன்றும் சத்தமாக நிலைபெறுவதைக் கேட்க எவருக்குத்தான் கசக்கும்? அவருடைய பட்டங்கள் வந்தன. அவருடைய வீடு வந்தது, அதற்குப் பின்னாலுள்ள ஏரியும் வந்தது. பிள்ளைகளின் நீச்சற் பரிசுகள் வந்தன. பெரியவர் இடைக்கிடை ஒரு காற்புள்ளி போல வந்து போனார்.

"அடுத்தது. கடல் கடந்து வாழ்ந்தபோதும், நாளாந்தம் வீடியோ அழைப்பு மூலம் தந்தையாரைத் தன் இரு கரங்களாலும் தாங்கிப் பராமரித்தார்."

"வீடியோவிலை... கரங்களாலை?"

"ஒரு கையிலை போனைப் பிடிச்சனான். மற்றக் கையைக் காட்டிக் கதைச்சனான். அடியும்."

அடித்தேன்.

சித்தப்பா கண்ணைத் திறக்காமலே பேசினார். "கை நல்லா ஓடுது தம்பி. இடைக்கிடை ஒரு தடிச்ச சத்தம் விழுகுதே, உதென்ன?"

"அது கீழை கிடக்கிற நீட்டுக் கட்டை, ஐயா. ஒரு சொல்லு முடியிற இடத்திலை அதைத் தட்டவேணும், இடம் விடுறதுக்கு."

"அப்ப உது தொப்பி. மற்றதெல்லாம் வலந்தலை." தவிலில் தடித்த சத்தம் தருகிற பக்கம் தொப்பி, மற்றப் பக்கம் வலந்தலை. "சரி, சரி. வாசியும்," என்று மறுபடி சாய்ந்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் கத்தி நின்றது.

"அண்ணை," என்று தங்கச்சி உள்ளேயிருந்து கூப்பிட்டாள். அது எனக்குத்தான். "இதையும் எழுதுங்கோ. கடைசி வரைக்கும் அப்பாவைத் தூக்கி இருத்தி, முழுக வாத்து, சாப்பாடு தீத்தினது மருமகன்."

விரலை விசையில் வைத்தேன். எதிரே கனடாக்காரர் உள்ளங்கையைக் கீழே காட்டி, குழந்தையை நித்திரையாக்குகிற மாதிரி, இரண்டு தரம் மெல்ல அமர்த்தினார். வேண்டாமாம். தலையையும் ஒருமுறை ஆட்டினார். நான் விரலை எடுத்துக்கொண்டேன்.

பழைய கீபோட்டாக இருந்தால் இதோடு காரியம் முடிந்திருக்கும். அடித்ததும் தெரியாது, அடிக்காததும் தெரியாது. எத்தனை குடும்பத்தின் நிம்மதியை அந்த மௌனக் கீபோட் காப்பாற்றியிருக்குமோ, அன்றைக்குத்தான் எனக்கு அதன் அருமை தெரிந்தது. ஏனென்றால் குசினியிலிருந்து உடனே குரல் வந்தது.

"என்ன அண்ணை, சத்தம் நிண்டிட்டுது?"

கனடாக்காரர் முன்னுக்குக் குனிந்தார். "சும்மா தட்டும்," என்றார் காற்றுக் குரலில். பிறகு குசினிப் பக்கம் திரும்பி உரத்த குரலில், "அடிக்கிறார், அடிக்கிறார்! நீ சமையலைப் பார்!" என்றார்.

சொல்லி அடிப்பிக்கிறவர் அவர், வீடும் அவருடைய தகப்பன் வீடு. நான் வேற்றாள். வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து, கண்டபாட்டுக்குத் தட்டினேன். திரையிலே ககக என்றும் மமம என்றும் ளளள என்றும் வரிசையாக ஓடின. சத்தத்துக்கு ஒரு குறையுமில்லை, கச்சான் மூட்டையே உடைந்தது. கனடாக்காரர் திருப்தியாகக் கதிரையில் சாய்ந்தார்.

சித்தப்பா நிமிர்ந்தார்.

"தம்பி, தொப்பியைக் காணேல்லை."

"என்ன ஐயா?"

"வலந்தலையிலை மட்டும் சும்மா உருட்டுறீர். சொல்லு ஒண்டும் விழேல்லை. இவ்வளவு நேரமும் நல்லாத்தானே வாசிச்சனீர், இப்ப என்ன நடந்தது?"

"சித்தப்பா, நீங்கள் கொஞ்சம் படுங்கோவன்," என்றார் கனடாக்காரர்.

"படுத்துத்தானேடா கிடக்கிறன்! காதுமோ படுக்கிறது?"

திரைச்சீலை விலகிற்று. தங்கச்சி கையில் கத்தரிக்காயோடு நின்றாள். தமையனை ஒருமுறை, என்னை ஒருமுறை பார்த்தாள். அவளுக்குப் பின்னாலே யன்னலுக்கு வெளியில் மருமகன் பந்தற் கம்பைத் தோளால் முட்டுக்கொடுத்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். இந்த வீட்டுக்குள்ளே தன்னைப் பற்றி இத்தனை கச்சேரி நடக்கிறது என்று அந்த மனிதருக்குத் தெரியாது.

நிறுத்தினால் தங்கச்சிக்குத் தெரியும், பொய்யாகத் தட்டினால் சித்தப்பாவுக்குத் தெரியும். இரண்டு காதுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவனுக்கு, இனி உள்ளதை அடிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. ககக ளளள பக்கத்தை மூடினேன். மலரைத் திறந்தேன். வீடியோவும் இரு கரங்களும் முடிகிற இடத்துக்குக் கீழே, மரண அறிவித்தலில் பார்த்திருந்த மருமகனின் பெயரைப் போட்டு, 'அன்னாரின் இறுதிக் காலம் முழுவதும் அவரைத் தூக்கி இருத்தி, முழுக வார்த்து, உணவூட்டிப் பார்த்தவர் அவரது மருமகன்' என்று சொல்லுக்குச் சொல் இடம் விட்டு நிறுத்தி அடித்தேன். சொல்லு முடிகிற இடமெல்லாம் நீட்டுக் கட்டை தொம் என்று விழுந்தது.

"ம். இப்ப சரி," என்றார் சித்தப்பா.

கனடாக்காரர் எனக்குப் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். என்னுடைய பொய்த் தட்டல் இவ்வளவு திறமாகத் தேறிவிட்டது என்று அவருக்கு மெத்தப் பெருமை.

"முடிஞ்சுதோ அண்ணை?" என்றாள் தங்கச்சி.

"முடிஞ்சுது தங்கச்சி. முற்றுப்புள்ளியும் வைச்சாச்சு."

அவள் உள்ளே போனாள். கத்தி மறுபடி ஓடத் தொடங்கிற்று.

நான் இதை ஒளிக்கவில்லை. வீட்டுக்கு வந்து முழுகி, கீபோட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிக்க வந்த மனைவியைக் கும்பிட்டுக் கேட்டுத் தடுத்து, பக்கங்களை அமைத்து, முழு மலரையும் அன்றைக்கே கனடாக்காரரின் வட்சப்புக்கு அனுப்பினேன். 'ஒருக்கா முழுதாக வாசித்துப் பாருங்கோ, பிறகுதான் அச்சுக்குப் போகும்' என்றும் எழுதினேன். பதில் வந்தது: 'என்ரை படத்தைக் கொஞ்சம் பெரிசாக்கும். ஏரி வெட்டுப்படாமல்.' பெரிதாக்கி அனுப்பி, மறுபடியும் வாசிக்கச் சொன்னேன். பெருவிரல் ஒன்று வந்தது. நினைவு மலரை எங்கள் ஆட்கள் வாசிக்கிற முறை அதுதான். தன் படம், தன் பிள்ளையின் படம், தன் பெயரின் எழுத்து. மூன்றும் சரியென்றால் மலர் சரி. இறந்தவரின் பெயரே பிழையாக அச்சாகி, சோறும் தின்று, நன்றியும் சொல்லிப் போன கூட்டத்தை நான் கண்டிருக்கிறேன்.

ஆனாலும் முப்பத்தோராம் நாள் காலையில் கட்டுக் கட்டாக மலரைக் கொண்டுபோய் இறக்கியபோது எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கனடாக்காரர் கண்டுபிடித்தால் என்னை ஏசுவார், அது போகட்டும். ஏசிப்போட்டு அந்தத் தாளைக் கிழித்துக் கொடுக்கச் சொன்னால்? வந்திருக்கிற சனத்துக்கு முன்னாலே தங்கச்சி எங்கே போய் நிற்பாள்? அவளும் அதே பயத்தோடுதான் இருந்திருக்க வேண்டும். மலரை வாங்கி, அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்து, மூடி, மடியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் போய்விட்டாள். வெளியே வரவேயில்லை.

பூசை முடிந்து பந்தி போட்டார்கள். மருமகன் விடியற்காலையிலிருந்து நிற்கவில்லை. இலை போட்டார், தண்ணீர் வைத்தார், சோற்றுக் கடகத்தோடு ஓடினார், சாம்பார் வாளியோடு திரும்பினார். கனடாக்காரர் பட்டு வேட்டியோடு பந்தலின் நடுவில் நின்று மலர் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அவருடைய சின்னம்மா முறையான அம்மா ஒருவர் கண்ணாடியைப் போட்டு, பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர், ஓரிடத்தில் நின்றுவிட்டார். எல்லாப் பக்கமும் வாசிக்கிற ஒருவரையும் நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

"தம்பி, இஞ்சை வா!" என்றார் அவர், பந்தலுக்கே கேட்கும்படி. "உனக்குப் பெரிய மனசடா! மச்சானைப் பற்றி இப்பிடி எழுத ஆருக்கு வரும்? பேரும் போட்டல்லோ எழுதியிருக்கிறாய்!"

கனடாக்காரர் மலரை வாங்கினார். வாசித்தார். மறுபடி வாசித்தார். தலை நிமிர்ந்து என்னைத் தேடிப் பிடித்தார். நான் தூணோடு தூணாக நின்றேன். ஓட நினைத்தாலும் மோட்டார் சைக்கிளை எங்கே நிழலில் விட்டார்கள் என்று தெரியாது.

"நானும் பாத்தனான்," என்றார் பக்கத்தில் இன்னொருவர். "இந்த வீட்டிலை ஆர் எழுதுவினம் எண்டு நினைச்சன். நீர் எழுதிப்போட்டீர். பெரிய விஷயம்!"

சுற்றி நின்ற தலைகளெல்லாம் ஆடின. கனடாக்காரர் என்னை விட்டு அந்தத் தலைகளைப் பார்த்தார். அவர் முகத்தில் கணக்கு ஒன்று கூட்டிக் கழித்து முடிவதை நான் கண்டேன்.

"உள்ளதை உள்ளபடி எழுதத்தானே வேணும் சின்னம்மா," என்றார் மெதுவாக. பிறகு குரல் தானாகப் பெருத்தது. "உவருக்கு நான்தான் பக்கத்திலை இருந்து சொல்லுக்குச் சொல்லுச் சொல்லி அடிப்பிச்சனான். கேட்டுப் பாருங்கோ."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஓம்," என்றேன். "பக்கத்திலைதான் இருந்தவர்."

ஆனால் அந்தச் சின்னம்மா அதோடு விடுகிற ஆள் இல்லை. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு பந்தியைப் பார்த்தார்.

"அப்ப ஏனடா அந்தப் பிள்ளை விடியத் தொடக்கம் வாளியும் கையுமா ஓடித் திரியுது? எழுதினால் காணுமே? கூப்பிட்டு இருத்தி, நீ போடு."

தலைகள் மறுபடி ஆடின. புகழை வாங்கிக் கையில் வைத்திருக்கிறவருக்கு இனி வேறு போக்கிடமில்லை. கனடாக்காரர் பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். போய் மருமகனுக்கு முன்னால் நின்றார். சாம்பார் வாளியின் கைபிடியைப் பிடித்தார். மருமகன் விடவில்லை, வேலையைப் பிடுங்குகிறார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் வாளியை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

"இரும்," என்றார் கனடாக்காரர். "நீர் இரும். நான் போடுறன்."

அதுதான் அவர்களுக்குள் முதற் பேச்சு என்று பிறகு சொன்னார்கள். மருமகன் கட்டியிருந்த சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு, பந்தியின் கடைசி இலையில் போய் இருந்தார். குசினி வாசலில் திரைச்சீலை ஒரு பக்கமாக ஒதுங்கிற்று. தங்கச்சி அங்கே நின்றாள்.

கனடாக்காரர் வாழ்நாளில் யாருக்கும் பரிமாறிப் பழகாதவர். முதற் கரண்டி சாம்பார் இலைக்கு வெளியே, பாயிலே விழுந்தது.

"பறவாயில்லை மச்சான்," என்றார் மருமகன், தலை நிமிராமலே. இலையைக் கொஞ்சம் அவர் பக்கமாக இழுத்து வைத்தார்.